டிசம்பரில் மட்டும் வயிற்றுவலி வரும் பிள்ளைகள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் தோசையைப் போட்டுவிட்டுப் படிக்காதீர்கள், கருகிவிடும். உட்கார்ந்து படியுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கப் பள்ளியில் டிசம்பர் மாதம் நடக்கிற எந்த விழாவுக்கும் உடை, மேக்கப் என்று பிள்ளைகளிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. விழாவில் வேலை இல்லாத பிள்ளை என்று ஒன்றுகூட இருக்கக் கூடாது. இந்த இரண்டும் முடியாது என்றால் அந்த விழாவே வேண்டாம். இதுதான் என் கட்சி. பிடிக்காதவர்கள் முழுவதும் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

போன வாரம் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு பள்ளிக்கூட சுற்றறிக்கையைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஒரு பள்ளி மட்டும் செய்கிற காரியமும் இல்லை அது. ஆண்டு விழாவும் கிறிஸ்துமஸ் விழாவும் சேர்த்து நடத்துகிறார்களாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஆடுவதற்கு உடை வாடகை, மேக்கப், போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு ரூபாய். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: "விருப்பம் உள்ளவர்கள் மட்டும்."

என் தம்பி மகள் கேட்டாள், "அத்தை, கட்டிரலாமா?" அவள் கட்டிவிடுவாள். அவள் வீட்டில் மாதச் சம்பளம் வருகிறது. எனக்குக் கோபம் அந்தக் கடைசி வரியின் மேல்தான். ஆறு வயசுப் பிள்ளைக்கு ஆட விருப்பம் இருக்காதா? காசு உள்ளவர்கள் மட்டும் என்று எழுதினால் அசிங்கமாக இருக்குமே என்றுதான் விருப்பம் என்று எழுதியிருக்கிறார்கள். வேறென்ன?

அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் என்று நான் பிரித்துப் பேசவில்லை. தொகைதான் கூடும் குறையும். ஒரு இடத்தில் ஆயிரத்து எண்ணூறு, இன்னொரு இடத்தில் நூற்றைம்பது. நூற்றைம்பதும் இல்லாத வீடு நம் ஊரில் உண்டு. அதுவும் டிசம்பரில் நிறைய உண்டு.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் நம் ஊர் டிசம்பரை மறந்திருப்பீர்கள். ஞாபகப்படுத்துகிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தியில் மழைத் தண்ணீர் நிற்கும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் அளத்துக்காரர்கள் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்த மாதங்களில் அவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்றுதான் அரசாங்கமே மழைக்கால நிவாரணம் என்று குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கிற திட்டம் கொண்டுவந்தது. கடல் பக்கம் பார்த்தால், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிவிட்டது என்றால் படகு போகாது. படகு போகாத நாளைக்குக் கூலியும் இல்லை.

ஆக, அளத்திலும் வேலை இல்லை, கடலிலும் வேலை இல்லை. வருஷத்திலேயே கையில் காசு வற்றிப்போகிற மாதம் எதுவோ, அந்த மாதத்தைப் பார்த்து நாம் வாடகை உடைக்குக் காசு கேட்கிறோம். மூன்று மாதம் தாக்குப்பிடிக்க அரசாங்கம் கொடுக்கிற 5,000 ரூபாயில் ஆயிரத்து எண்ணூறை ஒரு நாள் ஜிகினா உடைக்கு எடுத்து வை என்று ஒரு தாயிடம் சொல்கிறோம். இதற்குப் பெயர் விழாவா?

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம், அவ்வளவுதான். குழந்தை உளவியல் பற்றி மேடையில் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் முப்பத்து மூன்று வருஷம் வருகைப் பதிவேடு எழுதியவள். பதிவேடு நமக்கு நிறையச் சொல்லும், பார்க்கத் தெரிந்தால். ஆண்டு விழா, கிறிஸ்துமஸ் விழா நாட்களில் விடுப்புப் போடும் பிள்ளைகள் யார் என்று ஒரு முறை பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும் ஒரே தெருக்கள், ஒரே வீடுகள். காரணம் கேட்டால் எல்லாருக்கும் வயிற்றுவலி. "அம்மா வயித்துவலின்னு சொல்லச் சொன்னாவ டீச்சர்" என்று ஒரு சின்னப் பிள்ளை என்னிடம் நேராகவே சொன்னாள். பொய் சொல்லக்கூடத் தெரியாத வயசு. மாதத் தேர்வுக்கு வராத வயிற்றுவலி, தடுப்பூசி போடும் நாளில்கூட வராத வயிற்றுவலி, எல்லாப் பிள்ளையும் ஓடிவர வேண்டிய நாளில் வருகிறது.

அந்த நாளில் அந்தப் பிள்ளை ஒரு பாடம் படித்துக்கொள்கிறது. நாம் எந்தப் புத்தகத்திலும் எழுதாத பாடம். பள்ளிக்கூடம் என்பது எனக்கில்லை, காசு கட்டிய பிள்ளைகளுக்குத்தான் என்ற பாடம். அதை அழித்து எழுத ஐந்து வருஷம் போதாது.

இனி படிப்புக் கணக்குக்கு வருவோம். 2012 முதல் நம் பள்ளிகளில் முப்பருவ முறை. இரண்டாம் பருவம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதில் தீபாவளி போகும், மழை விடுமுறை போகும், கடைசியில் பருவத் தேர்வு வந்து நிற்கும். மூன்று பருவத்திலும் நோஞ்சான் இதுதான். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். நாளைக்கு நான்கு மணி நேரம் வருகிறது. விழாவுக்கு முன்னால் மூன்று வாரம், தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாள், முப்பது மணி நேரம். ஏறக்குறைய எட்டு நாள் பாடம்.

இந்த முப்பது மணி நேரம் யாருக்குப் போகிறது? மேடையில் ஆடப்போகும் இருபது பிள்ளைகளுக்கு. டீச்சர் அவர்களோடு மைதானத்தில் நிற்பார். மீதி இருபது பேர் வகுப்பில் வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருப்பார்கள், ஒரு லீடர் பிள்ளை பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும். ஆடுகிறவர்கள் யார்? நிறமாக இருப்பவர்கள், காசு கட்டியவர்கள், டீச்சருக்குப் பிடித்தவர்கள். கோபப்படாதீர்கள், இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அதற்காக, "விழாவே வேண்டாம், படிப்பு கெடுகிறது, டிசம்பர் முழுக்கத் தேர்வுக்குத் தயார் பண்ணுங்கள்" என்று சொல்லும் கூட்டத்தோடு நான் சேர மாட்டேன். என் பழைய மாணவர்களிலேயே அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. ஏழு வயசுப் பிள்ளைக்கு டிசம்பரில் வினாத்தாளை மட்டும் கொடுத்தால் அது படிப்பை வெறுக்கப் பழகும். விழா வேண்டும். கட்டாயம் வேண்டும். ஆனால் பிள்ளைகள் செய்கிற விழா வேண்டும், பிள்ளைகளை வைத்துச் செய்கிற விழா வேண்டாம்.

டிசம்பர் 11 பாரதி பிறந்த நாள். 1882இல் எட்டயபுரத்தில் பிறந்தவர், நம் மாவட்டத்துக்காரர். அன்றைக்குப் பள்ளிக்குப் பள்ளி பத்துப் பாரதி வரிசையாக நிற்கும். வாடகைக் கோட்டு, கட்டித் தைத்த முண்டாசு, மையால் மீசை. போட்டோ எடுத்து உடனே அனுப்பியாக வேண்டும், இல்லாவிட்டால் மேலிடத்திலிருந்து போன் வரும். போட்டோ போனதும் பாரதியும் போய்விடுவார். அவர் பிறந்த வீடு எட்டயபுரத்தில் நினைவில்லமாக இருக்கிறது. பத்துக் கோட்டுக்குக் கொடுக்கும் வாடகையைச் சேர்த்து வைத்தால் ஐந்தாம் வகுப்பைப் பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வரலாம். 1904இல் சில மாதம் மதுரை சேதுபதி பள்ளியில் அவரும் வாத்தியார் வேலை பார்த்தவர்தான் என்று சொன்னால் பிள்ளைகள் கண்ணை விரித்துக் கேட்பார்கள். முண்டாசு கட்ட வீட்டில் அப்பாவின் துண்டு போதும்.

டிசம்பர் 3 சவேரியார் திருநாள். 1542இல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த அந்த மனிதர் எப்படிப் பாடம் நடத்தினார் தெரியுமா? கையில் ஒரு மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். தமிழ் தெரிந்தவர்களை வைத்து எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, அந்தத் தமிழில் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கு நீங்கள் சொல்லிக் கொடுங்கள் என்று பிள்ளைகளையே வாத்தியார் ஆக்கினார். நான் இதை மதத்துக்காகச் சொல்லவில்லை, வாத்தியார் வேலைக்காகச் சொல்கிறேன். மேடை, மைக், ஜிகினா எதுவும் இல்லை. ஒரு மணி இருந்தது, கூடவே எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

நம் கரையில் டிசம்பர் மாதம்தான் பாடம் தானாக வாசலுக்கு வந்து நிற்கிற மாதம். துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டு மொத்தம் பதினொன்று. ஒன்று, இரண்டு என்றால் புயல் தூரத்தில். மூன்று என்றால் நம் துறைமுகத்துக்குத் திடீர்க் காற்று வரலாம். எட்டு, ஒன்பது, பத்து என்றால் பேராபத்து. பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். நம் பிள்ளைகளின் அப்பாமார் உயிர் இந்த எண்களில் இருக்கிறது. பதினொரு பிள்ளைகள் கையில் பதினொரு அட்டையைக் கொடுத்து வரிசையாக நிற்க வைத்தால் அதுதான் நாடகம். உடை தேவையில்லை.

நான் ஒரு வருஷம் அப்படிச் செய்தேன். மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்காத பையன் ஒருவன், வல்லத்துக்காரர் மகன். அவனுக்குத்தான் ஏழாம் எண் அட்டை. அதில் இரண்டே வரி. அப்பா அம்மா முன்னால் வாசிக்க வேண்டும் என்பதால் பத்து நாளும் அந்த அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். அன்றைக்குத் திக்கித் திக்கி வாசித்தான். அவன் அப்பா எழுந்து நின்று கேட்டார். அதற்குப் பிறகு அவன் கடகடவென்று படித்தான் என்றெல்லாம் நான் கதை விட மாட்டேன். ஏப்ரலிலும் கூட்டித்தான் படித்தான். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பயப்படாமல் வாங்கினான். தொடக்கப் பள்ளி வாத்தியாருக்கு அது பெரிய சம்பளம்.

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷம் முழுக்க நம் மாவட்டத்தில் சராசரியாகப் பெய்வதைவிட அதிகம். அந்தத் தண்ணீரைப் பார்த்த பிள்ளைகள் இன்றைக்கு நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுவரில் 95 சென்டிமீட்டருக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். கோடு கழுத்துக்குப் பக்கத்தில் வரும். ஐந்தாம் வகுப்பிடம் கேளுங்கள்: ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள தரையில் அந்த மழை முழுவதும் நின்றால் எத்தனை லிட்டர்? 950 லிட்டர். இந்தக் கணக்கை அந்தப் பிள்ளை சாகும்வரை மறக்காது.

மார்கழி பிறந்தால் வாசலில் கோலம். புள்ளியை 1, 3, 5, 7, 5, 3, 1 என்று வைத்தால் மொத்தம் எத்தனை? 25. இரண்டாம் வகுப்புப் பிள்ளை தரையில் வைத்து எண்ணினால் டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த நாளைக் கொண்டாடியாயிற்று. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு மூங்கில் சிம்பை ஐந்தாக வெட்டும்போது ஒரு குச்சி நீளம் தப்பினாலும் நட்சத்திரம் கோணிக்கொள்ளும். அளவுகோலைப் பிடிக்க அதைவிட நல்ல காரணம் உண்டா? நம் ஊர் மக்ரூனுக்கு முந்திரி எவ்வளவு, சீனி எவ்வளவு, எத்தனை முட்டை வெள்ளைக்கரு என்று பேக்கரி வைத்திருக்கும் ஒரு பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னால் எடையும் விகிதமும் வாயில் கரையும்.

சிறப்பு விருந்தினர் என்று பெரிய மனிதரை அழைத்து, அவர் வரும்வரை பிள்ளைகளைத் தரையில் இரண்டு மணி நேரம் காக்க வைக்கிறோம். சங்குகுளித்த ஒரு தாத்தாவைக் கூப்பிடுங்களேன். இந்தக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று எண்பதைத் தொட்டிருப்பார்கள். கல்லைக் கட்டி இறங்கினது, மேலே மச்சான் கயிறு பிடித்தது, எவ்வளவு நேரம் மூச்சு அடக்கினார்கள் என்பதெல்லாம் அவர்கள் வாயால் பிள்ளைகள் கேட்க இன்னும் எத்தனை டிசம்பர் மிச்சம் இருக்கிறது? பொன்னாடையை அவருக்குப் போடுங்கள்.

டிசம்பரில் எடுத்த ஒரு பாடம் என்ன செய்யும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26. நமக்கு இலங்கை மறைவாக நின்றதால் நாகப்பட்டினம், கன்னியாகுமரி அளவுக்குத் தூத்துக்குடியில் அழிவு இல்லை. அன்று காலை தாய்லாந்தில் புக்கெட் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமி பெற்றோரோடு நடந்துகொண்டிருந்தாள். கடல் நுரைத்து வித்தியாசமாக நடந்துகொள்வதைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் அவள் பள்ளியில் ஆண்ட்ரூ கியர்னி என்ற ஆசிரியர் புவியியல் வகுப்பில் சுனாமியைப் பற்றிப் பாடம் எடுத்திருந்தார். இது அதுதான் என்று அவள் கத்தினாள். கரையிலிருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். ஏறக்குறைய நூறு பேர் பிழைத்தார்கள். விடுமுறைக்கு முந்தின இரண்டு வாரம், எல்லாப் பள்ளியிலும் "இனி என்ன பாடம்" என்று சலித்துக்கொள்ளும் அந்த நாட்கள். அந்த ஆசிரியர் சலித்துக்கொள்ளவில்லை.

கடலுக்கு நூறு மீட்டரில் குடியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் இந்த டிசம்பரில் எத்தனை பள்ளிகளில் நடக்கிறது? அந்த மத்தியானங்களில் நாம் சினிமாப் பாட்டுக்கு இடுப்பை ஒடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். நானும் அந்த ஓய்வறையில் உட்கார்ந்து டீ குடித்தவள்தானே.

"பெற்றோரே கேட்கிறார்கள் டீச்சர்" என்பீர்கள். பெற்றோர் கேட்பது தன் பிள்ளையை மேடையில் பார்க்க வேண்டும் என்று. நியாயமான ஆசை. வாடகை உடையில்தான் பார்க்க வேண்டும் என்று எந்தத் தாயும் கேட்கவில்லை. எல்லாப் பிள்ளையும் மேடை ஏறினால் எல்லாத் தாய்க்கும் அந்த ஆசை நிறைவேறும்.

"இருநூறு பிள்ளைகளை எப்படி மேடை ஏற்றுவது?" வகுப்பு வகுப்பாக ஏற்றுங்கள். ஒரு வகுப்புக்குப் பத்து நிமிஷம். விருந்தினர் பேச்சைக் குறைத்தால் நேரம் தாராளமாகக் கிடைக்கும். மேடை ஏறப் பயப்படுகிற பிள்ளைக்கு மணி அடிக்கிற வேலை, திரை இழுக்கிற வேலை, நட்சத்திரம் ஒட்டுகிற வேலை கொடுங்கள். பெயரை மைக்கில் சொல்லுங்கள்.

"ஏழைப் பிள்ளைகளுக்கு நாங்களே காசு போட்டு உடை எடுத்துக் கொடுக்கிறோம்" என்று நல்ல மனசோடு சிலர் சொல்வீர்கள். உங்கள் மனசுக்குக் கும்பிடு. ஆனால் வேண்டாம். யாருக்கு டீச்சர் காசு போட்டார் என்பது சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். யாருக்கும் உடை வாடகை இல்லை என்றால் யாரும் கூனிக்குறுக வேண்டியதில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று பெற்றோர். சிலர் என்னைப் போலவே டீச்சர், சார். இரண்டு பேர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள். இந்த விழாவுக்குப் பிள்ளைகளிடம் எவ்வளவு காசு வாங்குகிறீர்கள்? எத்தனை பிள்ளைகளுக்கு விழாவில் வேலை இருக்கிறது, எத்தனை பேருக்கு இல்லை? போன வருஷம் விழா அன்று வராத பிள்ளைகள் யார் யார்? மூன்றாவது கேள்விக்குப் பதேவேட்டை எடுக்கச் சொல்லுங்கள். வாய்ப் பதில் வேண்டாம்.

காசு கட்ட வசதி உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்ட முடியும் என்பதற்காகக் கட்டாதீர்கள். நீங்கள் கட்டும் ஆயிரத்து எண்ணூறுதான் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றுவலியாகப் போகிறது. "என் பிள்ளை வீட்டிலுள்ள நல்ல உடையில் ஆடும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பத்துப் பேர் அப்படி எழுதிக் கொடுத்தால் பதினோராவது ஆள் தைரியமாகப் பிள்ளையை அனுப்புவார். என் தம்பி மகள் எழுதிக் கொடுத்துவிட்டாள். பள்ளியில் முகம் சுளித்தார்களாம். சுளிக்கட்டும்.

டிசம்பர் விழா முடிந்த மறுநாள் பதிவேட்டில் ஒரு "வி"கூட இருக்கக் கூடாது. வேறெந்தப் பாராட்டும் அந்தப் பள்ளிக்கு வேண்டியதில்லை.

கமெண்டில் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். சந்திப்பிழை இல்லாமல் திட்டுங்கள், திருத்திக்கொண்டிருக்க எனக்குக் கண் முன்னைப்போல இல்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்